அணைத்த பிறகும் மினுங்கும் பல்பு, போர்டுக்குள் நீல வயர்: எது ஃபேஸ், எது நியூட்ரல்?

சிந்துபூந்துறை டீச்சர் கேட்டது:

வணக்கம். திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்தில், சிந்துபூந்துறையில் எங்கள் வீடு. தாத்தா காலத்து வீடு. பட்டாசாலை, இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று நீளவாக்கில் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் ஏறி, சுவிட்ச் போர்டுகளை மூழ்கடித்து நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு மின்வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கிடைத்த ஒருவரை வைத்து நனைந்த பகுதிக்கு மட்டும் வயர் மாற்றிக்கொண்டோம். சுவரின் மேல்பாதியில் பழைய வயர், கீழ்ப்பாதியில் புது வயர். இரண்டும் சேரும் இடம் அலமாரிக்கு மேலே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்.

இப்போது பிரச்சினை இரண்டாம் கட்டு அறையில். அங்கேதான் அம்மா படுக்கிறார்கள். சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இருட்டில் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது மாற்றிப் பார்த்தோம். அப்படியேதான் இருக்கிறது.

பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் வந்தபோது மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றினான். உள்ளே நான்கு வயர். கீழிருந்து வரும் புது வயரில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, பச்சை ஒன்று. மேலே பல்புக்குப் போகும் பழைய வயர் கறுப்பு. பச்சை எதிலும் சேராமல் முனை வெட்டப்பட்டுச் சும்மா கிடக்கிறது. மறுபடி மெயினைப் போட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தான். சிவப்பில் எரியவில்லை, நீலத்தில் நன்றாக எரிகிறது. கறுப்பில் பார்த்தால், பல்பை அணைத்திருக்கும்போது டெஸ்டர் எரிகிறது. பல்பைப் போட்டதும் டெஸ்டர் அணைந்துவிடுகிறது. "நீலம் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகும் வயர், அதில் டெஸ்டர் எரியக் கூடாது" என்கிறான் அவன். டவுனில் வயர் விற்கும் கடைக்காரரோ, "நீலமும் ஃபேஸ்தான், கரண்ட் வரும் வயர்தான் அம்மா" என்கிறார்.

யார் சொல்வது சரி? அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பல்பு எரியாவிட்டால் தானே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றுகிற பழக்கம் அவர்களுக்கு. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வண்ணார்பேட்டை மிக்ஸி கடை எழுதியது:

டீச்சர், உங்கள் அண்ணன் மகன் சொன்னதும் ஒரு பக்கம் சரி. எங்கள் கடைக்குப் பழுதுபார்க்க வரும் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் எதன் வயரை உரித்தாலும் பெரும்பாலும் இந்த மூன்று நிறங்கள்தான்: பழுப்பு, நீலம், பச்சையில் மஞ்சள் கோடு. பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், கோடு போட்டது எர்த், கருவியின் உடம்பில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர். பிளக்கைத் திறந்தால் எல் என்றும் என் என்றும் பொறித்திருக்கும். எல்லில் பழுப்பு, என்னில் நீலம். எர்த் வயரை மட்டும் மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விட்டு மாட்டுவோம். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் எர்த் கடைசியாகத்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இது கருவியோடு வரும் வயரின் கணக்கு. சுவருக்குள் ஓடும் வயரின் கணக்கு வேறு. அதைக் கம்பியாள் வேலை தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பாளை கம்பியாள் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த அறையின் எம்.சி.பி.யை, அதாவது மெயின் பெட்டியில் அந்த லைனுக்கு இருக்கும் தானே விழும் சுவிட்சை, இறக்கிவிட்டு, அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டி, ஆள் வந்து பார்க்கும் வரை யாரும் தூக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால், அந்த அறைக்கு அதிலிருந்து லைன் போகிறதா என்றும் பாருங்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். இதை மறந்து கை வைக்கிறவர்கள் ஏராளம்.

உங்கள் போர்டில் நடந்திருப்பது என்ன என்பதை நீங்கள் எழுதியதிலிருந்தே சொல்லிவிடலாம். சுவிட்ச் ஃபேஸை வெட்டவில்லை, நியூட்ரலை வெட்டுகிறது. கறுப்பு வயரில் டெஸ்டர் தலைகீழாக வேலை செய்ததாக எழுதினீர்கள் அல்லவா, அதுதான் அடையாளம். ஒழுங்கான வீட்டில் பல்பைப் போட்டால் அந்த வயரில் டெஸ்டர் எரியும், அணைத்தால் எரியாது. உங்கள் வீட்டில் ஃபேஸ் நேராகப் பல்பின் மறு முனைக்குப் போய் நிற்கிறது. சுவிட்சை அணைத்தால் பல்பு வழியாக ஃபேஸ் இறங்கி வந்து கறுப்பில் தெரிகிறது. சுவிட்சைப் போட்டால் கறுப்பு நியூட்ரலோடு சேர்ந்துவிடுவதால் டெஸ்டர் அணைகிறது. பல்பு மினுங்குவதும் இதனால்தான். பல்பில் எந்நேரமும் ஃபேஸ் நிற்கிறது. ஈரச் சுவர் வழியாகவும் பக்கத்து வயர் வழியாகவும் கசிகிற துளி மின்சாரமே எல்.இ.டி.யை மங்கலாக எரிய வைக்கப் போதும். சுவிட்ச் சரியாக இருந்தும் சில வீடுகளில் பல்பு இப்படி மினுங்குவது உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் கறுப்பு வயரின் சாட்சியும் சேர்ந்திருக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி அம்மா பல்பைக் கழற்றும்போது ஹோல்டரின் உள்ளே முழு 230 வோல்ட் இருக்கும். விரல் உள்ளே பட்டால் போதும். அதிர்ச்சியில் ஸ்டூலிலிருந்து விழுவது அதைவிட மோசம்.

அந்த ஜங்ஷன் பாக்ஸில்தான் தவறு நடந்திருக்க வேண்டும். பாபநாசத்தில் நீர்மின் நிலையம் 1944இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு மின்சாரம் ஏறிய ஆற்றங்கரை வீடுகள் பலவற்றில் நான் வேலை பார்த்திருக்கிறேன். தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய வயரின் மேல் பிறகு பைப் போட்டு, அதற்குப் பிறகு சுவருக்குள் புதைத்து, ஒரே வீட்டில் மூன்று காலத்து வேலை இருக்கும். பழைய வயரில் சிவப்பு எது, கறுப்பு எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. அடுக்களைப் புகையும் வயதும் சேர்ந்து இரண்டையும் ஒரே காப்பிக்கொட்டை நிறமாக்கிவிடும். அழுக்கைத் துணியால் துடைத்து, இன்சுலேஷனை நகத்தால் லேசாகச் சுரண்டினால்தான் உள்ளே சிவப்பு தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு அவசரத்தில் வேலை செய்தவர் பழைய ஃபேஸில் புது நீலத்தையும், பழைய நியூட்ரலில் புதுச் சிவப்பையும் முறுக்கியிருக்கிறார். சோதிக்காமல் டேப் சுற்றியிருக்கிறார்.

இனி நிறத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் வெகுகாலமாக வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் வந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். ஆர், ஒய், பி என்று மீட்டர் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். அந்த பி இந்த நீலம்தான். கடைக்காரர் சொன்னது இதை வைத்து. சிவப்பு, கறுப்பு, பச்சை என்பது பிரிட்டனின் பழைய முறை. அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். 2004இல் மாற்றத்தைத் தொடங்கி, 2006 ஏப்ரல் முதல் புது வேலைக்கெல்லாம் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்று ஆக்கிவிட்டார்கள். ஐரோப்பாவிலும் அதுதான். அமெரிக்காவில் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு நம் ஊர் போர்டைத் திறக்கும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒரு நாட்டின் ஃபேஸ் இன்னொரு நாட்டின் நியூட்ரல். நம் வீட்டுக்குள்ளேயே சுவரில் நீலம் ஃபேஸாகவும், மிக்ஸி வயரில் நீலம் நியூட்ரலாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

ஆகவே நிறம் என்பது வயரை இழுத்தவர் என்ன நினைத்தார் என்பதற்கான குறிப்பு மட்டுமே. அந்த வயரில் இப்போது என்ன இருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

டெஸ்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன் மகன் செய்தது துணிச்சல், ஆனால் திறந்த போர்டில் மெயினைப் போட்டுச் சோதிப்பது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. அவனிடம் கோபிக்க வேண்டாம், சொல்லிவையுங்கள். நியான் டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. நியான் பல்பு செத்துப் போயிருக்கலாம். வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். மர ஸ்டூல் மேல் செருப்போடு நின்றால் மங்கிப் போகலாம். அதனால் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் வயரில் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி அதே பிளக் பாயிண்டில் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடையில் டெஸ்டர் கெட்டுப்போனால் அந்த மூன்றாவது முறைதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. சில சமயம் பிளக் பாயிண்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும், ஆனால் எந்தக் கருவியும் ஓடாது. இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது நியூட்ரல் எங்கோ அறுந்ததன் அடையாளம். அந்த நேரத்தில் கறுப்பு வயரைத் தொட்டாலும் அடிக்கும். நியூட்ரல் தொட்டால் ஒன்றும் செய்யாது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மல்டிமீட்டர் உள்ளவர் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்தான். இந்த மூன்றும் பொருந்தினால் எது எது என்று தெரிந்துவிடும். சுவருக்குள் எந்த முனை எந்த முனையோடு சேர்கிறது என்று தேடுவதை மெயினை அணைத்து, முனைகளைக் கழற்றிவிட்டு, மீட்டரின் பீப் ஒலியை வைத்துச் செய்ய வேண்டும்.

பட்டாசாலையிலும் சுவிட்ச் இப்படித்தான் இருக்கிறதா என்று வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு முழுவதும் மாறியிருந்தால் தவறு ஜங்ஷன் பாக்ஸில் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு கம்பத்திலிருந்து சர்வீஸ் வயரை மறுபடி கட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். அப்படியானால் ஒற்றை எம்.சி.பி.க்கள் எல்லாமே நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கும். இறக்கினாலும் வீட்டில் ஃபேஸ் நிற்கும். அது மின்வாரியத்தில் சொல்லிச் சரிசெய்ய வேண்டிய காரியம்.

சேரன்மகாதேவி வாழைத்தோட்டம் எழுதியது:

கம்பியாள் அண்ணாச்சி நீலத்தைப் பற்றிச் சொன்னதற்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு சாட்சி. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்குப் போகும் பட்டை கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுதான் இருக்கும். நியூட்ரலே கிடையாது. மூன்றும் ஃபேஸ். எந்த இரண்டுக்கும் இடையே 400 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிக் கொடுப்போம், திசை திரும்பிவிடும். இங்கே நிறத்துக்கு இருக்கும் வேலை அவ்வளவுதான். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்கு வந்த பையன் ஒருவன் நீலத்தை நியூட்ரல் என்று நினைத்துக் கையில் எடுக்கப் போனான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இப்போது அந்தப் பெட்டியின் கதவில் வெள்ளைப் பெயிண்டால் மூன்றும் ஃபேஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாத் தோட்டத்திலும் எழுத வேண்டும்.

சிந்துபூந்துறை டீச்சர் கேட்டது:

அண்ணாச்சி, எம்.சி.பி.யை இறக்கி டேப் ஒட்டிவிட்டேன். அம்மாவைப் பட்டாசாலையில் படுக்கச் சொல்லிவிட்டேன். மிக்க நன்றி. பச்சை வயரைப் பற்றியும் சொல்லுங்கள். எதிலும் சேராமல் கிடப்பது தவறா? அடுக்களையில் கிரைண்டரை ஈரக்கையால் தொட்டால் லேசாகச் சுண்டுகிறது. எர்த் இல்லாவிட்டால் அந்தத் துளையை நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று தெருவில் ஒருவர் சொல்கிறார்.

பாளை கம்பியாள் எழுதியது:

அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்தால், நியூட்ரல் எங்காவது அறுந்த நொடியில் கிரைண்டரின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். கிரைண்டர் ஓடாது, ஆனால் தொட்டவரைக் கொல்லும். உங்கள் வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அடுக்களைக்கும் அதே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து லைன் போனால், நியூட்ரல் என்று நினைத்து நீங்கள் சேர்ப்பது ஃபேஸாகவே இருக்கும். இதில் நான் குரலை உயர்த்திச் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பச்சை வயர் ஓட்டியிருக்கிறார், அதுவரை நல்லது. அது எல்லாப் போர்டிலிருந்தும் திரும்பி, எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பெட்டியின் எர்த் கட்டையில் சேர வேண்டும். அங்கிருந்து கொல்லையில் இருக்கும் எர்த் குழிக்குப் போக வேண்டும். வெள்ளத்தில் குழியின் மேல் வண்டல் படிந்து, கம்பி இற்றுப் போயிருக்க வாய்ப்பு உண்டு. தோண்டி, கம்பியின் முனையைக் கண்ணால் பார்த்து, எர்த்தின் தடையை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு டி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே லைனை வெட்டும் சுவிட்ச் அது. அதில் டி என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் சுவிட்சின் பிடி படக்கென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். கிரைண்டரைச் சரிசெய்யும் வரை பிளக்கிலிருந்து பிடுங்கிவையுங்கள். அண்ணன் மகன் விடுமுறையில் வந்தால் டெஸ்டரை எடுத்து ஒளித்துவையுங்கள் என்று சொல்ல மாட்டேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இந்தத் தொழிலை அப்படித்தான் கற்க முடியும்.

வருகிறவரிடம் அரசு கொடுத்த கம்பியாள் சான்றிதழ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருப்பவர் எடுத்துக் காட்டுவார்.

சிந்துபூந்துறை டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து பார்த்துவிட்டார். நீங்கள் சொன்னதுதான். அலமாரிக்கு மேலே ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது டேப் சுற்றிய இரண்டு முடிச்சு. அவர் பழைய வயரைத் துடைத்துச் சுரண்டிக் காட்டினார். நீலத்தோடு சேர்ந்திருந்தது சிவப்பு. பட்டாசாலையில் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாம் கட்டும் அடுக்களையும் மட்டும் மாறியிருக்கிறது. கொல்லையில் எர்த் கம்பி தொட்டதும் பொடிந்துவிட்டது. பழைய வயரை முழுவதும் உருவிவிட்டுப் புதிதாக இழுத்துவிடலாம் என்கிறார். விளக்குக்கு 1.5, கிரைண்டர் போன்ற பெரிய பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நிறத்துக்கு என்ன சொல்லட்டும்?

பாளை கம்பியாள் எழுதியது:

அளவு சரி, தங்கச்சி. ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. சுவிட்சிலிருந்து பல்புக்கு ஏறும் வயருக்கு மஞ்சள் கேளுங்கள், அப்போது அதைக் கறுப்பென்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள். நீலத்தை உங்கள் வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். சுருள் தீர்ந்துபோனால் கையில் இருக்கும் நிறத்தை ஓட்டாமல், கடைக்குப் போய் அதே நிறத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். சுவரில் துளையிட்டுப் பூசிய பிறகு அதைத் திருத்த முடியாது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூன்று துளை பிளக்கிலும் வலது துளையில் ஃபேஸ், இடதில் நியூட்ரல், மேலே எர்த் இருக்கிறதா என்று உங்கள் எதிரிலேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டி.பி. பெட்டிக் கதவின் உட்புறத்தில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்றும், எந்த நிறம் எதற்கு என்றும், வேலை செய்த மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். தாளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டுங்கள், ஆற்றோர வீட்டில் ஈரம் ஏறும். அந்த முடிச்சுகளைப் பிரித்ததும் இரண்டாம் கட்டின் பல்பை ஒருமுறை இரவில் அணைத்துப் பாருங்கள். மினுங்கினால் எனக்கு எழுதுங்கள்.